ஏரியோர வீடு வாங்குகிறீர்களா? முதலில் கரையைப் பாருங்கள்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் வீடு தேடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடியிருப்புக்குள் ஓர் ஏரி இருந்தால், அதைக் காட்டியே வீட்டை விற்றுவிடுகிறார்கள். படகு விடலாம், தூண்டில் போடலாம், மாலையில் கரைமேல் நடக்கலாம் என்பார்கள். அந்தக் கரை யாருக்குச் சொந்தம், எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்கு வீடு காட்டிய தரகர் தமிழர். அண்ணா என்றுதான் அழைத்தோம். "இது இயற்கையான ஏரியம்மா. கவுன்ட்டி பார்த்துக்கொள்கிறது, உங்களுக்கு ஒரு செலவும் வராது" என்றார். இரண்டுமே பொய். இந்தப் பகுதியில் நாம் பார்க்கும் ஏரிகள் அநேகமாக எல்லாமே ஓடையை மண்கரையால் மறித்து உண்டாக்கியவை. எங்கள் கரை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சொத்து. வீடுகளைக் கட்டிய நிறுவனம், விற்று முடித்ததும் ஏரியையும் கரையையும் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. போவதற்கு முன் கரைக்குக் கீழே, ஓடையை ஒட்டி, இன்னொரு வரிசை வீடுகளையும் கட்டி விற்றது.

எங்களுக்கு வந்த வினை அந்த வரிசையில்தான் தொடங்கியது. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டப்படி, உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்பட வாய்ப்புள்ள அணை முதல் வகை, அப்படி இல்லாதது இரண்டாம் வகை. கரை அதே கரையாகவே இருக்கும். கீழே ஆள் குடியேறினால் வகை மாறிவிடும். மாறியதும் பெருமழையைத் தாங்கும்படி கலங்கலை, அதாவது மிகுதி நீர் வழிந்தோடும் வாயை, பெரிதாக்க வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். வீடு விற்றவருக்கு லாபம், செலவு முழுவதும் அன்றைய தேதியில் கரைக்கு உரிமையாளராக இருப்பவருக்கு. குடியேறிய பிறகு சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: அணைப் பணிக்காக வீட்டுக்கு 18,000 டாலர். வகை மாறியதாக மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகம் அனுப்பிய கடிதம் நாங்கள் வீடு வாங்குவதற்கு முன்பே சங்கத்தின் கையில் இருந்திருக்கிறது. விற்பனைக்கு முன் எங்களுக்குக் கொடுத்த ஆவணங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை ஏரிக்கு அழைத்துப் போனோம். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்தவர். தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே, "கலங்கல் எங்கேயம்மா?" என்று கேட்டார். இருந்தது, மீன் வெளியேறாமல் இருக்கக் கம்பிவலை அடித்து, அதில் இலையும் சுள்ளியும் அடைத்துக் கிடந்தன. கரையின் பின்சரிவில் பைன் மரங்கள் ஓங்கி நின்றன. அடிவாரத்தில் வெயில் காலத்திலும் தரை சொதசொதவென்று இருந்தது. நடைபாதையில் ஓர் இடத்தில் புதுமண் கொட்டி, மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அப்பா காலால் அழுத்தினார், மண் உள்வாங்கியது.

பிறகு வந்த பொறியாளர் காரணத்தைச் சொன்னார். கரைக்குள் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, சுற்றியுள்ள மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. மேலே தெரிந்த பள்ளம் அதன் அடையாளம். வீடு பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் சைக்கிள் ஓட்டிய பாதை அது.

கம்பிவலைக் கதை புதிதல்ல. பென்சில்வேனியாவில் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று வைத்திருந்த சவுத் ஃபோர்க் மண்ணணையிலும் கலங்கலில் மீனுக்கு வலை போட்டிருந்தார்கள். கரைமேல் வண்டி போக வசதியாக அதன் உயரத்தையும் குறைத்திருந்தார்கள். 1889 மே 31 அன்று அது உடைந்து, கீழே ஜான்ஸ்டவுனில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஜார்ஜியாவிலேயே, டோக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை முன்பு மின்சாரத்துக்குப் பயன்பட்டது, 1957-க்குப் பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1973-லேயே பின்சரிவில் மண் சரிந்திருந்தது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு கடந்த நேரம், மழையில் கரை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். ஜார்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 1978-ல் வந்ததே அதன் பிறகுதான். 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளளவோ எட்டாத அணைகளை அந்தச் சட்டமும் பொதுவாகத் தொடுவதில்லை.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் தேசிய அணைப் பட்டியலில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அதில் 'அதிக அபாயம்' என்றிருந்தால் உடைந்தால் வரும் சேதத்தைத்தான் குறிக்கிறது. கரையின் நிலை தனி. மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கடைசி ஆய்வறிக்கையைக் கேளுங்கள். சங்கத்தின் கையிருப்பில் அணைக்கென்று எவ்வளவு இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான வீட்டு ஆய்வாளர் கரையைத் தொடமாட்டார், வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. நீங்களே கரையின் பின்பக்கம் இறங்கி நடந்து பாருங்கள். கசியும் நீர் தெளிந்து இருந்தால், அந்தக் கசிவு ஆய்வறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கசியும் நீர் சேறாகக் கலங்கி வந்தால் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, உடனே மாநிலப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

கரைக்குக் கீழே ஓடையோரத்தில் வீடு பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் சங்க உறுப்பினர்கள்கூட அல்லர். எந்தக் கடிதமும் அவர்களுக்கு வராது. பொறியாளரின் அறிக்கையை நகலெடுத்து அந்த வரிசை வீடுகளின் கதவுகளில் நானும் கணவரும் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டு விலை விழும் என்று சங்கத்தலைவர் எங்களை எச்சரித்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஏரியின் நீர்மட்டத்தை உடனே குறைக்க வேண்டும் என்று மாநில அலுவலகத்துக்கு எழுதிவிட்டோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை மழை பெய்யும் இரவுகளில் கீழ் வரிசையில் யாரும் தரைத்தளத்தில் உறங்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறோம்.