கறுத்த முன்பல்லுக்கு கேப்பா, உள்ளே ப்ளீச்சா?

சின்ன வயதில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல் ஒன்று எனக்கு வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிவிட்டது. ரூட் கெனால் செய்த பிறகும் நிறம் அப்படியேதான். வெள்ளையாக்கும் பேஸ்ட், ஜெல் என்று கொஞ்சநாள் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்துப் பற்கள் வெளுத்து, இது இன்னும் கறுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம். அடிபட்டபோது உள்ளே கசிந்த ரத்தம் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் நுண்குழாய்களுக்குள் புகுந்து, சிதைந்து, அதிலுள்ள இரும்போடு சேர்ந்து அங்கேயே கறையாகத் தங்கிவிடுகிறது. கறை உள்ளே இருக்கும்போது மேலே தேய்த்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் சொன்னவை மூன்று: வெனீர், கேப், பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து ப்ளீச். நான் போனது மூன்றாவது வழியில். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெனீரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெல்லிய பீங்கான் தகடு, அடியில் கறுத்த பல். நிழல் வெளியே தெரியும். தெரியாமலிருக்கத் தகட்டைத் தடிமனாகவோ ஒளி புகாததாகவோ செய்தால் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியது மாதிரி ஆகிவிடும்.

கேப் நல்ல வைத்தியம்தான், அதற்கான பல் வேறு. பாதி உடைந்த பல், முக்கால்வாசி அடைப்பாகவே நிற்கும் பல் என்றால் யோசிக்காமல் கேப் போட்டுக்கொள்ளலாம். என் பல்லில் பின்பக்கம் ரூட் கெனாலுக்குப் போட்ட துளையைத் தவிர ஒரு கீறல்கூடக் கிடையாது. அதைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ராவி முளை மாதிரி ஆக்கி, அதன்மேல் தொப்பி போட எனக்கு மனசு வரவில்லை.

ப்ளீச் நடக்கும் விதம் ரொம்ப எளிது. பின்பக்கத் துளையைத் திறந்து, ரூட் கெனாலின்போது வேருக்குள் அடைத்த கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் மாதிரிப் பொருளை ஈறு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் எடுத்துவிட்டு, அதன்மேல் சிமென்ட்டால் ஒரு தடுப்பு போடுகிறார்கள். பிறகு சோடியம் பெர்போரேட் தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்தில் குழைத்து உள்ளே அடைத்து, தற்காலிக அடைப்பு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருந்தோடு நாம் நடமாடுவதால் வாக்கிங் ப்ளீச் என்று பெயர். 1961-லேயே எழுதி வைக்கப்பட்ட முறை. சில நாளுக்கு ஒருமுறை மருந்தை மாற்ற வேண்டும். முதல் தடவை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. இரண்டாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் எந்தப் பல் என்று தேட வேண்டியிருந்தது. பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேடு கைடில் கறுத்த கடைசிக் கோடியில் இருக்கும் சி4-இல் தொடங்கி, மூன்றாவது தடவையில் வெளுப்பான ஏ2-க்கு வந்தது. அப்புறம் ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் நிரந்தர அடைப்பு. பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் போகாமல், பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் அடைப்பு சரியாகப் பிடிக்காதாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது நிறமோ செலவோ அல்ல. 'இது கெட்டுப்போனால் அடுத்து என்ன?' என்று மூன்றையும் கேட்டுப் பார்த்தேன். ப்ளீச் செய்த பல் நாளாவட்டத்தில் கொஞ்சம் மங்கும், அது உண்மை. மங்கினால் அதே துளையைத் திறந்து மறுபடி மருந்து வைக்கலாம். அதிலும் திருப்தியில்லை என்றால் அன்றைக்கு கேப் போட்டுக்கொள்ளலாம், பல் முழுசாக இருக்கிறதே. ஆனால் கேப் போட்டவர் ப்ளீச்சுக்குத் திரும்ப முடியாது. கேப் உடைந்தால் இன்னொரு கேப், ஓரத்தில் சொத்தை வந்தால் மறுபடி ராவி இன்னொன்று. ஈறு இறங்கினால் கறுத்த வேர் விளிம்பில் எட்டிப் பார்க்கும். ராவிய எனாமல் முளைக்கப்போவதில்லை. இதை யோசித்த பிறகு மற்ற கணக்கெல்லாம் எனக்குச் சின்னதாகிவிட்டது.

ப்ளீச்சுக்கும் ஒரு பயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மருந்திலிருந்து வரும் பெராக்சைடு, ஈறு மட்டத்திலுள்ள பல்லின் கழுத்துப் பகுதி வழியாக வெளியே கசிந்தால், அங்கே வேர் வெளியிலிருந்து கரைய ஆரம்பிக்கலாம். 1979-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சூடும் சேர்த்துச் செய்த காலத்தில் இது அதிகம் பேசப்பட்டது. இள வயதில் அடிபட்ட பற்களுக்கு ஆபத்து கூடுதல். என் பல்லும் அந்த ரகம்தான். ஆகவே "வெறும் தண்ணீர்தானே கலக்கிறீர்கள்? தடுப்பு எத்தனை மில்லிமீட்டர் டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எக்ஸ்ரேயைத் திருப்பி, ஈறு மட்டத்தில் தெரிந்த பட்டையைக் காட்டி, "இரண்டு" என்றார். அந்தத் தடுப்பு போடாமல் மருந்து வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

துளையைத் திறந்தே வைத்து, பற்களின்மேல் பொருந்தும் ட்ரே மாட்டி, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை நாமே மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. சில நாளில் முடிந்துவிடுமாம். நான் செய்துகொண்டதில்லை, சாப்பிட்ட பிறகெல்லாம் பல்லுக்குள் சுத்தம் செய்யும் பொறுமை எனக்குக் கிடையாது. என் அனுபவமே ஒரே ஒரு பல், அதுவும் ரத்தக் கறை. பழைய வெள்ளி அடைப்பால் கறுத்த பல்லுக்கு ப்ளீச் அவ்வளவாக எடுபடாது.

நாலு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே, வேர் நன்றாக இருக்கிறது. போன தடவை ஷேடு கைடை வைத்துப் பார்த்துவிட்டு, "லேசா இறங்கியிருக்கு, வேணும்னா ஒரு தடவை மருந்து வெச்சிடலாம்" என்றார் டாக்டர். வீட்டில் யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.