முனைவர் பட்டமா, எம்.டெக். முடித்ததும் வேலையா?

எம்.டெக். முடிக்கும் தறுவாயில் இருக்கும் என் அக்கா மகன், முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதா, வளாகத் தேர்வில் கிடைத்த மென்பொருள் வேலையை ஏற்பதா என்று சென்ற வாரம் கேட்டான். 2015இல் இதே இடத்தில் நின்று ஆய்வைத் தேர்ந்தெடுத்து, 2021இல் பட்டத்தோடு தொழில்துறைக்கு வந்தவன் நான். தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்ப்பதே நோக்கம் என்றால் வேலையை ஏற்றுக்கொள் என்று சொன்னேன்.

பணக் கணக்கு எல்லோரும் அறிந்ததுதான். நான் சேர்ந்தபோது இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் அது 37,000. பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்கினாலும் சிலருக்கே வாய்க்கிறது.

பணத்தைவிடப் பெரிதாக எண்ண வேண்டியது ஆய்வுத் தலைப்பின் ஆயுள். ஆங்கிலம்–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பே என் ஆய்வு. ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியங்களைப் பயிற்சித் தரவாகக் கொடுத்து, எந்தச் சொல்லுக்கு எது இணையாக அதிகம் வருகிறது என்று இயந்திரத்தை எண்ணிப் பார்க்கவைக்கும் புள்ளியியல் முறையே அப்போது புழக்கத்தில் இருந்தது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று தமிழ் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதை ஆங்கிலம் ஒரு தொடராக விரிக்கும். அத்தகைய சொல் பயிற்சித் தரவில் ஓரிரு முறைகூட வராது என்பதால் இயந்திரம் திணறும். அதைப் பகுதி, இடைநிலை, விகுதி, வேற்றுமை உருபு என்று பிரித்துக் கொடுக்க, சந்தி விதிகளோடு ஒரு நிரலை இரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதினேன். ஆனால் 2016இல் கூகுள் மொழிபெயர்ப்பு, வாக்கியத்தை முழுதாகப் பார்த்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலைப்பின்னலுக்கு மாறத் தொடங்கியது. இலக்கணமே அறியாமல், எழுத்துத் தொடர்கள் வரும் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொற்களைத் துண்டாக்கும் முறையும் அதே காலத்தில் பரவியது. 2017இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதுவகை நரம்பியல் வலைப்பின்னல் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் என் நிரலுக்குத் தேவையே இல்லாமல் போய்விட, வழிகாட்டியின் சம்மதத்தோடு மொழிபெயர்ப்பின் தரத்தை மதிப்பிடும் முறைகளுக்குத் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

என்னோடு எம்.டெக். படித்து வேலைக்குப் போன நண்பனும் பழைய முறையில்தான் தொடங்கினான். மாற்றம் வந்தபோது அவனுடைய நிறுவனமே அவனைப் புதிய குழுவில் சேர்த்தது. சில மாதங்களில், சம்பளம் வாங்கிக்கொண்டே, அவன் கற்றுக்கொண்டான். வேலையில் இருப்பவருக்கு ஒரு புராஜெக்ட் மாறுவதோடு முடிந்துவிடும் விஷயம், ஆய்வாளருக்கு எழுதி முடித்த அத்தியாயங்களையே கழித்துவிடுகிறது. வேகமாக மாறும் துறையில் ஐந்து ஆண்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இந்த ஆபத்தைச் சேரும்போது எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பட்டத்தால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மென்பொருள் பொறியாளர் நேர்காணல்களில் நிரல் எழுதச் சொன்னார்களே தவிர ஆய்வேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஆய்வு விஞ்ஞானி பணிக்கான விளம்பரங்களில் முதல் தகுதியாகவே முனைவர் பட்டம் இருந்தது. இப்போதைய வேலை எனக்குக் கிடைத்ததுகூட, மொழிபெயர்ப்பின் தரத்தை எப்படி அளப்பாய் என்று ஒரு மணி நேரம் துருவிக் கேட்டவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்ததால்தான். ஐயப்பட்டு அளந்து பார்க்கும் அந்தப் பழக்கம் ஆய்வு தந்தது. எனினும் அத்தகைய பணியிடங்கள் குறைவு. 2005இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வகம், 2019இல் தொடங்கிய கூகுள் ஆய்வகம் என்று பெங்களூரில் சில இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு முன்பே ஓரிரு ஆண்டுகள் ஆய்வு செய்யும் வாய்ப்பை மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் போன்றவை தருகின்றன. ஆய்வில் ஆசை இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பிக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

என் அனுபவம் மொழித் தொழில்நுட்பத்துக்குள் அடங்கியது. சிப் வடிவமைப்பு போன்ற துறைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவன் ஆய்வில்தான் சேர்வது என்று முடிவெடுத்தால், அந்த வழிகாட்டியிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற நான்கு மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரித்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.