டர்பனில் ஆயர் காசுகள் விற்கும் ஒரு கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில் உள்ள இந்த நாணயக் கடையில் முதலில் கண்ணில் படுவன அந்நாட்டின் பழைய குடியரசுத் தலைவர் குரூகரின் தலை பொறித்த காசுகளே. பழைய ஆங்கிலேயக் காசு வேண்டுமென்று கேட்டால்தான் கல்லாவுக்குப் பின்னாலுள்ள இழுப்பறையைத் திறக்கிறார்கள். அதில், அரசர் அளித்த உரிமையின்பேரில் ஆயர்களும் (பிஷப்புகளும்) பேராயர்களும் தங்கள் அக்கசாலைகளில், அதாவது நாணயம் அடிக்கும் கூடங்களில், அடித்த வெள்ளிக்காசுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன, இரண்டை வாங்கினேன்.

முதலாவது, இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி காலத்தில் டர்ஹாம் ஆயரின் அக்கசாலை அடித்த பென்னி. ஒரு பக்கம் அரியணையில் அமர்ந்த அரசர், மறுபக்கம் சிலுவையின்மேல் கேடயம். உறைக்குள் இருந்த சீட்டில் "ஆயர் ஷெர்வுட்" என்று எழுதியிருந்தது. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோதோ, கேடயத்தின் மேலே ஆயர் முடியும் இருபுறமும் டி (D), ஆர் (R) என்ற எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. ஷெர்வுட்டின் காசாக இருந்தால் ஆர் இருக்குமிடத்தில் எஸ் (S) இருந்திருக்க வேண்டும்; இந்த ஆர், அவருக்குப் பின் 1494 முதல் 1501 வரை டர்ஹாம் ஆயராக இருந்த ரிச்சர்ட் ஃபாக்ஸைக் குறிப்பது. எடையும் 0.69 கிராம்தான், முறைப்படி 0.78 கிராம் இருக்க வேண்டிய காசின் விளிம்பை யாரோ அந்தக் காலத்திலேயே நறுக்கியிருக்கிறார்கள். மறுவாரம் கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் சீட்டைத் திருத்தினார், பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார். நான்தான் காசை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கர்தினால் தாமஸ் வுல்சி யார்க் பேராயராக இருந்தபோது வெளியிட்ட அரைக் குரோட், அதாவது இரண்டு பென்னி. கேடயத்தின் இருபுறமும் அவர் பெயரின் முதலெழுத்துகளான டி (T), டபிள்யூ (W); அடியில் கர்தினால் தொப்பி. திருச்சபையினர் வழக்கமாகச் சிறு காசுகளையே அடித்துவந்திருக்க, நான்கு பென்னி மதிப்புள்ள குரோட்டிலும் இத்தொப்பியைப் பொறித்தது 1529இல் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்றாயிற்று. என் காசில் அரசரின் மூக்கு தேய்ந்துவிட்டது, தொப்பி மட்டும் தேயவில்லை!

விலை லண்டன் விலையைவிடச் சற்றுக் கூடுதல். தபால் செலவையும் சுங்க இழுபறியையும் நினைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, காசுகளை மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டுத் தருவது. டர்பனின் புழுக்கத்தில் அந்த உறை கசிந்து வெள்ளியின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். என் அரைக் குரோட்டின் ஓரத்தில் அது தொடங்கியே இருந்தது, அசிட்டோனில் ஊறவைத்துத்தான் நீக்கினேன். இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தாரே தவிர, உறையை மாற்றவில்லை. லென்ஸோடு இரண்டு காகித உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.