பை க்ரஸ்ட்டுக்குள் எதைக் கொட்டுவது: செராமிக் மணியா, பயறா, அரிசியா, சர்க்கரையா?

முதன்முதலில் லெமன் டார்ட் செய்தபோது க்ரஸ்ட்டை, அதாவது பூரணம் தாங்கும் கிண்ண வடிவ மாவு ஓட்டை, காலியாகவே ஓவனில் வைத்துவிட்டேன். முள்கரண்டியால் அடியெல்லாம் குத்தியாயிற்றே, அது போதாதா என்ற நினைப்பு. இருபது நிமிடம் கழித்துத் திறந்தால், கிண்ணமாக உள்ளே போனது தட்டாகக் கிடந்தது. அடி உப்பவில்லை, துளைகள் ஆவியை வெளியே விட்டிருந்தன. சுவர்தான் மொத்தமாக வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது.

பிளைண்ட் பேக்கிங், அதாவது பூரணம் வைக்கும் முன் க்ரஸ்ட்டை மட்டும் தனியாக பேக் செய்யும்போது உள்ளே கொட்டும் எடை அடியை அழுத்தத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அடி ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். ஆள் துணை வேண்டியது சுவருக்குத்தான். வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடுகிறது. மாவிலுள்ள ஸ்டார்ச்சும் புரதமும் இறுகி நிற்க வேண்டுமானால் சூடு 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். இடையில் இருக்கிற அந்தச் சில நிமிடங்கள் சுவருக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, தேய்த்த மாவிலுள்ள க்ளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ரப்பர் மாதிரி உள்நோக்கி இழுக்கும். ஆகவே எந்தப் பொருளையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன்: விளிம்பு வரை நிரப்ப முடியுமா? அடியும் சுவரும் சேரும் மூலைக்குள் போய் உட்காருமா?

செராமிக் மணிகள் பார்க்க அழகு. கழுவலாம், கெடாது, வாசனை பிடிக்காது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் உழைக்கும். குறை பாக்கெட்டின் அளவில் இருக்கிறது. 9 அங்குலத் தட்டை விளிம்பு வரை நிரப்ப ஏறத்தாழ நான்கு கப் வேண்டும். ஒரு பாக்கெட்டைக் கொட்டினால் பெரும்பாலும் அடியில் ஒரு வரிசைதான் பரவும். அதை வைத்து பேக் செய்தவர்கள்தான் "எடை போட்டும் சரிந்துவிட்டது" என்று புலம்புகிறார்கள். இரண்டு மூன்று பாக்கெட் சேர்த்தால் மணி நன்றாகவே வேலை செய்யும். உருண்டை என்பதால் மூலையில் சிறு இடைவெளி விடும், அவ்வளவுதான். கைதவறிக் கொட்டினால் அடுத்த சில மாதங்களுக்கு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று அகப்படும்.

மணிமணியாகக் கோத்த ஸ்டீல் சங்கிலி ஒன்றும் விற்கிறார்கள். ஒரே இழுப்பில் வெளியே எடுக்கலாம் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. சுவரை அது தொடக்கூட மாட்டாது.

உலர்ந்த பயறு, கொண்டைக்கடலை வகையறா பழைய வழி. எடை குறைவு என்று ஒதுக்க வேண்டியதில்லை, விளிம்பு வரை நிரப்பினால் போதுமான தாங்கல் கிடைக்கும். அதே பயறைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பலமுறை ஆனபின் ஒரு காறல் வாடை வரும், அப்போது கழித்துவிட வேண்டும். முக்கியமாக, ஓவனில் போய் வந்த பயறு அதன்பின் சரியாக வேகாது. டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அதை இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் குக்கரில் எத்தனை விசில் விட்டும் அது கல்லாகவே இருந்தது.

அரிசி பயறைவிட ஒரு படி மேல். சிறிய மணி என்பதால் மூலை வரை போய் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். எடைக்கும் மாவுக்கும் நடுவே விரிக்கும் தாள் கிழிந்தால் மட்டும் தொல்லை. மாவில் ஒட்டிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான்.

இதே தர்க்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் சர்க்கரைக்கு வந்து சேருவோம். இப்போது என் முதல் தேர்வு அதுதான். ஏறக்குறைய தண்ணீர் போலப் பரவி மூலைமுடுக்கை நிரப்பும். 175 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் க்ரஸ்ட் நிதானமாக உள்வரை வெந்துவிடும், பாதியில் எடையை எடுத்துவிட்டு மறுபடி வைக்கும் வேலை இல்லை. சர்க்கரையும் வீணாகாது. லேசாக வறுபட்டு மங்கலான பழுப்பில் வரும், அடுத்த கேக்குக்கோ குக்கிக்கோ வழக்கமான சர்க்கரை போலவே போடலாம். நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போட்டால் கட்டி தட்டாது.

ஆனால் சர்க்கரை அதிகச் சூட்டை மன்னிக்காது. 185 டிகிரியை நெருங்கினால் உருகத் தொடங்கும். வெளியே ஒன்று காட்டி உள்ளே வேறு சூட்டில் எரியும் ஓவன்கள் நிறைய உண்டு. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம். 200 டிகிரியில் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்களுக்கு அரிசிதான் சரி: எடையோடு 15 முதல் 20 நிமிடம், விளிம்பு நிறம் மாறியதும் எடையை எடுத்துவிட்டு அடி காயும் வரை இன்னொரு 10, 15 நிமிடம்.

எடைக்கும் மாவுக்கும் நடுவே என்ன போடுவது என்பதிலும் இரண்டு கட்சி. ஃபாயில் மூலையில் மடிப்பில்லாமல் படியும், ஆனால் ஆவியை உள்ளேயே அடைத்துவைக்கும். பேக்கிங் தாள் ஆவியை விடும், ஆனால் விறைப்பாக நிற்கும். தாளை முதலில் நன்றாகக் கசக்கிப் பிரித்துவிட்டுப் போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. சர்க்கரைக்கு மட்டும் நான் ஃபாயில்தான், அதுவும் இரண்டு மடிப்பு.

எடையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மாவை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து பேக் செய்வது. சரிகிற மாவு விளிம்பை நோக்கித்தான் சரியும், அதனால் சுவர் தப்பும். விரலால் வளைத்து வளைத்துச் செய்த விளிம்பு அலங்காரம் நசுங்கிப்போவதால் எனக்கு இது ஒத்துவரவில்லை. துளை குத்துவதை மட்டும் நம்புவது அதைவிட மோசம். சுவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, நீர்த்த கஸ்டர்ட் ஊற்றினால் அதே துளை வழியாக அடியில் ஒழுகி ஊறிவிடும்.

எதைக் கொட்டினாலும் அதற்கு முன் க்ரஸ்ட் அரை மணி நேரமாவது ஃப்ரீசரில் இருந்தாக வேண்டும். கல்லாக இறுகிய வெண்ணெய் மெதுவாக உருகும், சுவருக்கு அவகாசம் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு பாக்கெட் மணி வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். சுவரை ஒட்டி விளிம்பு உயரத்துக்கு அரிசியைக் குவித்து, நடுப்பள்ளத்தில் மணியைக் கொட்டுங்கள்.