மூன்று மாதமா, ஆறு மாதமா? சிறு முதலீட்டாளர் பக்கம் நின்று ஓர் அலசல்

இந்தியாவில் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம், காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் லாப நஷ்டக் கணக்கை வெளியிட்டாக வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். இது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. பிரிட்டன் 2014இல் இந்தக் காலாண்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அங்கே அரையாண்டுக் கணக்கு போதும், அதற்கும் மூன்று மாத அவகாசம் உண்டு. 2020 பிப்ரவரியில் சிங்கப்பூரும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு அரையாண்டு போதும் என்றது. அமெரிக்காவும் அப்படி மாறலாம் என்று டிரம்ப் 2018இலும் 2025இலும் சொன்னார்.

அரையாண்டு முறைக்காகப் பேசுபவர்களின் வாதம் இதுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்டும் நெருக்கடி இருந்தால், நீண்டகாலத் திட்டத்தில் யார் பணம் போடுவார்கள்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் கட்டாயம் வந்தபோதும் சரி, போனபோதும் சரி, நிறுவனங்களின் முதலீட்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றுதான் முதலீட்டு நிபுணர்களின் சர்வதேச அமைப்பான சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் 2017இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது இடைவெளி. ஏப்ரலில் ஒரு கம்பெனியின் விற்பனை சரிந்தால், இங்கே ஆகஸ்ட் 14க்குள் அது எண்ணாகக் கைக்கு வந்துவிடும். பிரிட்டனில் டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனிக்கு ஜனவரியில் அடி விழுந்தால், அரையாண்டுக் கணக்கில் அது தெரிய செப்டம்பர் வரை ஆகலாம். விலையைப் பாதிக்கும் செய்தியை உடனே சொல்லவேண்டும் என்ற விதி அங்கே உண்டு, பல கம்பெனிகள் தாமாகவே இடையில் நிலவரம் சொல்வதும் உண்டு. ஆனாலும் எது பெரிய செய்தி என்று முதலில் தீர்மானிப்பது கம்பெனிதானே? அந்த மாதங்களில் உள்ளே இருப்பவர்களுக்கு நிலவரம் தெரியும். பெரிய ஃபண்டுகள் டீலர்களிடம் விசாரித்துக்கொள்ளும். நூறு பங்கு வைத்திருப்பவருக்குத்தான் தெரியாது.

அப்புறம், பருவம். ஏசி விற்கும் கம்பெனிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அறுவடை. அந்தக் காலாண்டைப் போன வருடத்தின் அதே காலாண்டோடு வைத்துப் பார்த்தால் கோடை கைகொடுத்ததா என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்தை ஒன்றாகக் கலந்தால் அது மங்கிப்போகும்.

நம் முறையிலும் ஓட்டை உண்டு. ஜூனில் முடியும் முதல் காலாண்டிலும் டிசம்பரில் முடியும் மூன்றாம் காலாண்டிலும் பேலன்ஸ் ஷீட், அதாவது சொத்து, கடன், பாக்கி எல்லாம் காட்டும் பட்டியல், கட்டாயமில்லை, லாப நஷ்டக் கணக்கு மட்டும் போதும். ஜூன் காலாண்டில் விற்பனை பிரமாதமாக ஏறியிருக்கும், ஆனால் சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டார்களா என்பது அதில் தெரியாது. வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று பார்க்க செப்டம்பர் வரையான அரையாண்டுக் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தணிக்கையாளரும் இடைக் காலாண்டுகளில் பொதுவாக முழுத் தணிக்கை செய்வதில்லை, மேலோட்டமான பரிசீலனைதான். காலாண்டுதோறும் கணக்கு காட்டிக்கொண்டிருந்த சத்யம் என்ற ஐடி கம்பெனியில் ரூ. 5,040 கோடி ரொக்கம் வெறும் காகிதத்தில் இருந்தது என்பது, 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது.

சிங்கப்பூரில் தணிக்கையாளர் சந்தேகம் தெரிவித்த கம்பெனிகளுக்குக் காலாண்டுக் கட்டாயம் தொடர்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சந்தேகம் வெளியே வரும்போது பங்கு விலை ஏற்கெனவே விழுந்திருக்கும்.

செபி 2021இல் கொண்டுவந்த ஒரு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முடிவுகளுக்குப் பிறகு பங்குகளை அலசும் அனலிஸ்டுகளோடு நிர்வாகம் நடத்தும் கான்காலின் (கூட்டுத் தொலைபேசி உரையாடலின்) ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் வெளியிட வேண்டும். எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளில் வரவேண்டும். கடன் எப்போது குறையும் என்று ஒருவர் இரண்டாம் முறை கேட்கிறார், நிதி அதிகாரி சுற்றி வளைக்கிறார். அந்தத் தயக்கத்தை நாமும் காதால் கேட்கலாம். அரையாண்டுக்கு மாறினால் வருடத்தில் நான்கு முறை கிடைப்பது இரண்டாகச் சுருங்கிவிடும்.

ஆகவே என் ஓட்டு காலாண்டுக்குத்தான், நான்கு காலாண்டிலும் பேலன்ஸ் ஷீட் வேண்டும் என்ற கோரிக்கையோடு. அதுவரை, ஜூன் காலாண்டு லாபத்தை மட்டும் பார்த்து வாங்காமல், நவம்பர் நடுவுக்குள் வரும் அரையாண்டுக் கணக்கில் வரவேண்டிய பாக்கியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.