சொட்டுநீர் போட்டு ஏழு வருடம்: இரண்டு ஏக்கர் தோட்டத்து அனுபவம்

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கர் செம்மண் தோட்டத்தில் அந்தக் கோடையில் போர்வெல் மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் காற்று வாங்கிவிடும். வாய்க்கால் வெட்டி, மடை மாற்றிப் பாய்ச்சினால் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போகவே போகாது. மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் டார்ச்சும் மண்வெட்டியுமாக நானும் அப்பாவும் தோட்டத்தில் நிற்போம். 2018 ஆடியில் சொட்டுநீர் போட்டோம். ஏழு வருடம் தினமும் அதோடு புழங்கிய பிறகு, புதிதாகப் போட நினைப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், வரைபடம், சிறு விவசாயி சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்கக் கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். மானியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் போன குழாய்க்கு நாங்கள் கையிலிருந்து கட்டினோம்.

போட்ட முதல் வாரம் அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. மண்ணின் மேலே தட்டு அகலத்துக்குத்தான் ஈரம் தெரிந்தது. "ஏப்பா, இது செடிக்கு எப்படிப் பத்தும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவரே கையால் தோண்டிப் பார்த்தார். கீழே ஒரு முழத்துக்கு ஈரம் பரவி இருந்தது. அதற்கப்புறம் அவர் மண்வெட்டியைத் தேடவில்லை.

சரி, முதல் வருடம் எங்கே அடிபட்டோம் என்று சொல்கிறேன். ஐந்தடி இடைவெளியில் லேட்டரல் (செடி வரிசையோரம் போகும் மெல்லிய குழாய்), அதில் இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். காய்கறி ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,500 டிரிப்பர், மணிக்கு 18,000 லிட்டர். பொருத்திக் கொடுத்த நிறுவனத்துக்காரர்கள் இதை இரண்டு வால்வாகப் பிரித்தார்கள். ஒரு வால்வைத் திறந்தால் பாதி ஏக்கருக்குத் தண்ணீர் போகும், அதற்கு மணிக்கு 9,000 லிட்டர் வேண்டும். எங்கள் போர் எவ்வளவு கொடுக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் அளக்கவில்லை. கடைசி நாலு வரிசையில் கத்தரி வாடி நின்றபோதுதான் 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. மணிக்கு 6,000 லிட்டர்தான்! மூன்று வால்வாக மாற்றியதும் கடைசி வரிசைக்கும் ஒரே சீராகத் தண்ணீர் போனது. விலைப்பட்டியல் வாங்கும் முன்பே டிரம்மை வைத்து அளந்துவிடுங்கள். அதுவும் கோடையில் அளந்து பாருங்கள்.

அடுத்தது உப்பு. எங்கள் தண்ணீர் கடினம். இரண்டாவது வருடமே டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. ஆசிட் விட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. லைனில் போகும் தண்ணீரின் கார அமிலத்தன்மை (pH) 4க்கு வரும் அளவுக்குக் கலந்து, ஒருநாள் குழாயிலேயே நிற்க விட்டு, மறுநாள் குழாய்க் கடைசியில் இருக்கும் மூடியை (எண்ட் கேப்) கழற்றி ஓட விடுவேன். வருடத்துக்கு இரண்டு முறை. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடுபவர்கள் அதையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் விட வேண்டாம். விஷவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஃபில்டரை வாரம் ஒருமுறை திறந்து கழுவாதவர்களுக்கு எந்தக் கம்பெனிக் குழாயும் நிலைக்காது.

சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தத்தைக் குழாய் வழியாக விடுகிறவர்கள் இரண்டு முறை துணியில் வடிகட்டுங்கள். டிஏபி உரத்தைக் குழாயில் விடாதீர்கள். முழுதாகக் கரையாது.

அணிலும் எலியும் தாகத்துக்கு லேட்டரலைக் கடிக்கும். வரப்போரம் நாலு சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கடி குறைந்தது, நிற்கவில்லை. கடிபட்ட இடத்தை வெட்டி இணைக்கும் ஜாயிண்டர் போட்ட பை ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். உழவுக்கு முன்னால் லேட்டரலைச் சுருட்டுவதும் அப்புறம் விரிப்பதும் இரண்டு ஆள் வேலை.

இன்னொரு ஏக்கரில் லக்னோ 49 ரகக் கொய்யா, 110 மரம். கன்று வளர வளர டிரிப்பரைத் தூரிலிருந்து வெளியே தள்ளி வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் தூரிலேயே சொட்டியதால் வேர் வெளியே தேடிப் போகவில்லை. ஓர் ஆடிக் காற்றில் இரண்டு மரம் சாய்ந்தது. மனசு கேட்கவில்லை. இப்போது கிளை விரிவுக்கு நேர் கீழே நான்கு டிரிப்பர். ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்புப் பூத்து நிற்பதையும் கவனியுங்கள். சிறு தூறல் விழுந்தால் அந்த உப்பு வேருக்கு இறங்கும். அதனால் தூறும்போது மோட்டாரை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன்.

இவ்வளவு பாடுபட்டும் இதை விட மாட்டேன். தண்ணீர் மிச்சம், களை குறைவு என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. முன்பு தண்ணீர் இருக்கும்போது ஏக்கர் முழுக்க ஒரே தக்காளி நடுவோம். எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கும். 14 கிலோப் பெட்டிகளை மண்டிக்கு ஏற்றிவிட்டு, நூற்றுக்குப் பத்து கமிஷன் போக அவர்கள் சொல்லும் விலையை வாங்கி வருவோம். பறிகூலிகூடத் தேறாத நாட்கள் உண்டு. சொட்டுநீர் வந்த பிறகு ஏக்கரை 20 சென்ட் வீதம் ஐந்து துண்டாக்கி, மூன்று வாரத்துக்கு ஒரு துண்டு நடுகிறேன். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை என்று தினமும் கொஞ்சம் கையில் இருக்கும். அந்த அளவைத் தூக்கிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய் நானே விற்க முடிகிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையிலேயே தருவார்கள், விலைப்பலகையில் அன்றன்றைய விலை இருக்கும். விடியற்காலை எழுந்து போக வேண்டும், அது கஷ்டம்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது என்னிடம் 20 சென்ட்தான் காய்ப்பில் இருந்தது. அந்தப் பணம் முழுதாக வீட்டுக்கு வந்தது. என் காய்க்கு மண்டிக்காரர் சொல்வதுதான் விலை என்ற நிலை போனதே, அதற்காகத்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

காய்கறிப் பக்கத்து லேட்டரல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓய்ந்துவிட்டது. வரும் ஆடியில் மாற்றப் போகிறேன். போன சித்திரையில் மறுபடி டிரம்மை வைத்துப் பிடித்தேன். இப்போது நிரம்ப மூன்று நிமிடம் ஆகிறது, மணிக்கு 4,000 லிட்டர். 20 சென்ட்டுக்கு வேண்டியது 3,600. மூன்று வால்வும் ஐந்து துண்டும் பொருந்தாமல், நாற்றுக்கும் காய்ப்புக்கு வந்த செடிக்கும் ஒரே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை துண்டுக்கு ஒன்றாக ஐந்து வால்வு என்று பிளம்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.