எம்.ஏ.வும் வேண்டும், வேலையும் வேண்டும்: ரெகுலரா, தொலைநிலையா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4-க்குப் படித்துக்கொண்டே முதுகலையும் முடிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

ரெகுலர் கல்லூரியில் பொதுவாக 75 சதவீத வருகை கட்டாயம். நேர்காணல், வீட்டு வேலை என்று அடிக்கடி லீவு போட்டால் அந்தக் கணக்கு உதைக்கும். ஆனால் ஆய்வகம், கேம்பஸ் இன்டர்வியூ, பேராசிரியரின் நேரடி வழிகாட்டல் எல்லாம் அங்கேதான். எம்.எஸ்சி. வேதியியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரெகுலர்தான்.

வீட்டில் கைக்குழந்தையோ, படுத்த படுக்கையான பெற்றோரோ இருந்தால் கதை வேறு. அங்கே என் ஓட்டு தொலைநிலைக்கே. 1985-இல் தொடங்கிய இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இரண்டு ஆண்டு எம்.ஏ.வை நான்கு ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். குரூப் தேர்வு நெருங்கினால் சில தாள்களை அடுத்த முறைக்குத் தள்ளலாம். அசைன்மென்ட்டை மட்டும் தள்ளாதீர்கள், பல தாள்களில் 30 சதவீத மதிப்பெண் அதில்தான். அப்புறம், "தபால்ல படிச்சதா?" என்ற கேள்விக்குக் கவலைப்பட வேண்டாம். அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதியே சொல்கிறது. சேரும் முன் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் பார்த்துவிடுங்கள்.